பிள்ளை யார் கையில் இருந்தது?

(ஏர்பேட்டில் தமிழ் வாசகர்கள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)

 முன்வரிசைப் பாயில் உட்கார்ந்து முறுக்குக் கடித்துக்கொண்டிருக்கும் சின்னவர்களுக்கு வணக்கம். அவர்கள் அனுமதிக்கும் வரைதான் நான் பேச முடியும்.

எனக்குக் கொடுத்த தலைப்பு 'கதைமடலும் கைக்குழந்தையும்'. மாதம் ஒரு முறை என் வாசகர்களுக்கு ஒரு மடல் அனுப்புகிறேன். அதில் ஒரு சிறுகதை இருக்கும். எழுதிக்கொண்டிருக்கும் நாவலைப் பற்றி, படித்த புத்தகத்தைப் பற்றிக் கொஞ்சம் இருக்கும். வந்த கடிதங்களுக்குப் பதில் இருக்கும். வீட்டில் இன்னும் இரண்டு வயது நிரம்பாத ஒரு மகள். இரண்டையும் எப்படிம்மா சமாளிக்கிறே என்று கேட்காத ஆள் இல்லை. ரேணிகுண்டாவில் ரயில் மாறும்போது பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாகூடக் கேட்டார். பாராட்டாகத்தான் கேட்கிறார்கள். இதே கேள்வியை என் வீட்டுக்காரரிடம் யாரும் கேட்டதில்லை. அவருக்கும் வேலை இருக்கிறது, அவருக்கும் அதே மகள்தான்.

அதனால் அந்தக் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டு, நமக்கு முன்னால் இதழ் நடத்தியவர்களிடமும் கதை எழுதியவர்களிடமும் கேட்டுப் பார்க்கலாம் என்று வந்திருக்கிறேன். அவர் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் பிள்ளை யார் கையில் இருந்தது?

இந்த ஊரிலிருந்தே தொடங்குகிறேன். ஏர்பேடு என்றால் இன்று ஐ.ஐ.டி., ஐசர் என்று சொல்கிறோம். நம்மில் பாதிப்பேர் அந்த வளாகங்களை ஒட்டித்தான் இங்கே குடி வந்தோம். அதற்கு வெகுகாலம் முன்பே இங்கிருந்து ஒரு மாத இதழ் வந்துகொண்டிருந்தது. 1926இல் மலையாள சுவாமிகள் இங்கே வியாசாசிரமத்தை நிறுவினார். குருவாயூர்ப் பக்கத்தில் பிறந்து, ஸ்ரீ நாராயண குருவின் சீடர் வழியில் வந்தவர். தெலுங்கு நாட்டில் காலூன்றி, வேதாந்தப் படிப்பு எல்லாச் சாதியாருக்கும் பெண்களுக்கும் உரியது என்று வாதாடினார். ஆசிரமத்தின் இதழாக 'யதார்த்த பாரதி' வெளிவந்தது. அந்தக் காலத்தில் ஏர்பேடு என்பது ரேணிகுண்டா – கூடூர்ப் பாதையில் ஒரு சின்ன ரயில் நிலையம், சுற்றிலும் காடும் வயலும், சற்றுத் தள்ளி ஸ்வர்ணமுகி ஆறு, இன்னொரு பக்கம் குடிமல்லம் சிவன் கோயில். இப்படிப்பட்ட இடத்திலிருந்து ஓர் இதழைக் கொண்டுவருவது லேசான காரியம் இல்லை. சுவாமிகளைக் கும்பிட்டுக்கொண்டே ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. அவர் துறவி. தலையங்கம் எழுதும்போது யாரும் வந்து வேட்டியைப் பிடித்து இழுத்திருக்க மாட்டார்கள்.

ஆசிரமம் தொடங்கியதற்கு ஓராண்டு முன்னால், 1925இல், சென்னைத் திருவல்லிக்கேணியில் ஒரு குடும்பப் பெண் ஓர் இதழை எடுத்து நடத்தத் தொடங்கினார். வை.மு. கோதைநாயகி அம்மாள். இன்றைய பேச்சில் பெரும்பகுதி அவரைப் பற்றித்தான்.

1901இல் செங்கல்பட்டு மாவட்டத்து நீர்வளூரில் பிறந்தவர். தாயைக் குழந்தையிலேயே இழந்தவர். ஐந்தரை வயதில் வை.மு. பார்த்தசாரதியுடன் கல்யாணம். வை.மு. என்றால் வைத்தமாநிதி முடும்பை. கம்பராமாயணத்துக்கு உரை எழுதிய வை.மு. கோபாலகிருஷ்ணமாச்சாரியாரும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர்தான். வீடு முழுக்கத் தமிழ், ஆனால் வீட்டுக்கு வந்த சிறுமி பள்ளிக்கூடம் போனவள் இல்லை. கணவர் நாடகம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போவார். பார்த்த நாடகங்கள் மனதில் ஊறி, தாமும் ஒன்று செய்ய வேண்டும் என்று தோன்றியபோது அவருக்கு எழுத்து சரளமாக வரவில்லை. என்ன செய்தார்? வாயால் சொன்னார், தோழி பட்டம்மாள் எழுதினார். அப்படிப் பிறந்ததுதான் 1924இல் வெளிவந்த 'இந்திரமோகனா' நாடகம். பத்திரிகைகள் பாராட்டின. பிறகுதான் எழுதப் பழகினார். அடுத்த ஆண்டே, நாவலாசிரியர் வடுவூர் துரைசாமி ஐயங்காரின் தூண்டுதலில், நின்றுபோயிருந்த 'ஜகன்மோகினி' இதழை வாங்கிவிட்டார். அவருடைய முதல் நாவல் 'வைதேஹி' அதில் தொடராக வந்தது. அதற்குப் பிறகு முப்பத்தைந்து ஆண்டுகள், 115 நாவல்கள்.

அந்த 115 என்ற எண்ணை எல்லோரும் சொல்வார்கள். அந்த நாவல்களை இன்று எடுத்துப் படித்தால் அலுப்புத் தட்டும் பக்கங்கள் நிறைய உண்டு. உபதேசம் அதிகம், தற்செயல்கள் அதிகம். நூற்றுப் பதினைந்தும் இலக்கியம் என்று நான் வாதாட வரவில்லை. எனக்கு வியப்பு முப்பத்தைந்து ஆண்டு என்பதில்தான். மாதம் தவறாமல் ஓர் இதழுக்குத் தொடர்கதையும் எழுதி, தாள் வாங்கி, அச்சுக்குக் கொடுத்து, புரூஃப் பார்த்து, சந்தாதாரர்களுக்கு அனுப்பி, வராத சந்தாவுக்கு நினைவூட்டிக் கடிதம் போட்டு... பின்னாளில் சொந்த அச்சகமும் வைத்துக்கொண்டார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சென்னையை விட்டுச் சிங்கப்பெருமாள் கோயிலுக்குக் குடும்பம் போனபோதும், தாளுக்குத் தட்டுப்பாடு வந்தபோதும், இதழை நிறுத்தவில்லை.

வாயால் சொல்லி எழுத வைத்த அந்த முதல் நாடகத்தை அவருடைய கல்விக்குறை என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். எனக்கு அது வேறு மாதிரித் தெரிகிறது. மகள் பிறந்து முதல் ஆறு மாதம் என் இரண்டு கையும் என்னுடையதாக இல்லை. ஒரு கை தலைக்கு அடியில், ஒரு கை முதுகில். வாய் மட்டும் சும்மா இருந்தது. கதையை ஃபோனில் பேசிப் பதிந்துகொள்ள ஆரம்பித்தேன். தூளி ஆட்டிக்கொண்டே, ராகம் போடுகிற குரலில், கொலைக்காட்சியைச் சொல்லியிருக்கிறேன். பிள்ளை தூங்கிவிட்டாள். பேசினால் எழுத்தாக மாற்றிக் கொடுக்கும் வசதி இப்போது தமிழுக்கும் வந்துவிட்டது. அது பிழை செய்யும், திருத்தலாம். கோதைநாயகி அம்மாளுக்குப் பட்டம்மாள் இருந்தார், எனக்கு ஃபோன் இருக்கிறது. இங்கே கைக்குழந்தையோடு உட்கார்ந்திருக்கும் எழுதுகிற பெண்களுக்கு இதைத்தான் முதலில் சொல்லுவேன். கை ஓயும் வரை காத்திருக்காதீர்கள். சொல்லிப் பதிந்து வையுங்கள். பேசிய கதை எழுதிய கதையைவிடச் சில இடங்களில் நன்றாகவே வரும், வசனம் பிசிறடிக்காது. கோதைநாயகி அம்மாள் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் கதை சொல்லும் வழக்கம் உள்ளவர் என்று அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். கதையைக் காதுக்குக் கொடுத்துப் பழகியவர் அவர்.

சரி, நம் கேள்விக்கு வருவோம். ஜகன்மோகினி நடந்தபோது வீடு யார் கையில் இருந்தது? கணவர் பார்த்தசாரதி பக்கத்திலேயே இருந்தார். மனைவி எழுதுவதைப் பொறுத்துக்கொண்டவர் என்று அவரைச் சொன்னால் குறைத்துச் சொன்னதாகிவிடும். நாடகத்துக்குக் கூட்டிப்போனதிலிருந்து இதழ் வேலை வரை கூடவே நின்றவர். 1930களின் தொடக்கத்தில் அம்மாள் சுதந்திரப் போராட்டத்தில் இறங்கிச் சிறை போனார். இதழ் நிற்கவில்லை, கணவர் கவனித்துக்கொண்டார். அம்மாள் சிறையிலும் எழுதினார்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. சிறைக்குள்ளே அடுப்பு இல்லை, விருந்தாளி இல்லை, 'கொஞ்சம் இங்கே வந்துட்டுப் போயேன்' என்ற குரல் இல்லை. கூட்டுக் குடும்பத்துப் பெண் ஒருத்திக்கு இடையூறு இல்லாமல் எழுத நேரம் கிடைத்தது வெள்ளைக்காரன் பூட்டிய அறைக்குள்ளே. அதை யோசித்துப் பாருங்கள்.

அவருக்கு ஒரே மகன், ஸ்ரீநிவாசன். 1956இல் மகன் இறந்தபோது அம்மாள் நொடிந்துபோனார். காசநோயும் சேர்ந்துகொண்டது. 1960 பிப்ரவரியில் தாம்பரம் மருத்துவமனையில் காலமானார். நாவல் கணக்கைத் தேதிவாரியாகச் சொல்லும் கட்டுரைகளில் அந்த மகன் வளர்ந்த ஆண்டுகளுக்கு ஒரு வரிகூடக் கிடைப்பது அபூர்வம். கூட்டுக் குடும்பம், பெரியவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று நாமே நிரப்பிக்கொள்கிறோம். பார்த்துக்கொண்ட அந்தக் கைகளுக்குப் பெயர் இல்லை.

ஆண் எழுத்தாளர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் இன்னும் வேடிக்கை. சார்லஸ் டிக்கன்ஸ் 1850இல் ஒரு வார இதழ் தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் 'ஹவுஸ்ஹோல்டு வேர்ட்ஸ்', குடும்பத்தில் புழங்கும் சொற்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாராவாரம் இதழ், அதற்கு நடுவில் தொடர்கதைகள், பொதுமேடையில் வாசிப்புகள். வீட்டில் பத்துப் பிள்ளைகள். பத்துப் பிள்ளைகளையும் வார இதழையும் எப்படி ஐயா சமாளிக்கிறீர்கள் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விடை வீட்டுக்குள்ளேயே இருந்தது. மனைவி கேத்தரின் ஒன்று மாற்றி ஒன்றாகப் பெற்றுக்கொண்டிருந்தார். மனைவியின் தங்கை ஜார்ஜினா 1842இல் வந்து அந்த வீட்டோடு தங்கி, பிள்ளைகளையும் நிர்வாகத்தையும் கையில் எடுத்துக்கொண்டார். குடும்பத்தின் பெயரில் இதழ் அவருடையது, குடும்பம் கொழுந்தியாளுடையது.

அவ்வளவு தூரம் போவானேன். நம்முடைய கல்கி 1941இல் சொந்த இதழ் தொடங்கினார். 1950இலிருந்து 1954 வரை 'பொன்னியின் செல்வன்' வாராவாரம் வந்தது. வந்தியத்தேவனின் குதிரையைப் பற்றிக் கேட்ட வாசகர்கள் உண்டு, கல்கி வீட்டுப் பிள்ளைகளுக்கு யார் சோறு ஊட்டினார்கள் என்று கேட்டவர் யார்? நான் கல்கியைக் குறை சொல்லவில்லை. கேட்கப்படாத கேள்வியைச் சொல்கிறேன்.

ஒரே ஒரு ஆணிடம் மட்டும் இந்தக் கேள்வி சரியாகப் பொருந்துகிறது. ஜே.ஜி. பல்லார்ட் என்ற ஆங்கில நாவலாசிரியர். 1964இல் அவர் மனைவி திடீரென்று இறந்துபோனார். மூன்று சின்னப் பிள்ளைகள். அவர்களை ஷெப்பர்டன் என்ற புறநகரில் தாமே வளர்த்தார். பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து எழுத உட்காருவார், பள்ளி விடும் நேரம் எழுத்து நிற்கும். அவருடைய கதைகள் குரூரமான எதிர்காலக் கதைகள். அவற்றைப் படித்துவிட்டு, இவர் மதியத்தில் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டவர் என்று யாரும் நம்ப மாட்டார்கள். 2008இல் எழுதிய தன்வரலாற்றுக்கு 'மிராக்கிள்ஸ் ஆஃப் லைஃப்' என்று பெயர் வைத்தார். வாழ்வின் அற்புதங்கள் என்று அவர் சொன்னது பிள்ளைகளைத்தான். ஆண் வளர்த்தால் எழுத்து கெட்டுவிடும் என்று நினைப்பவர்களுக்கு இவரைக் காட்டலாம்.

கொஞ்சம் எண்களும் சொல்ல வேண்டும், ஐ.ஐ.டி. ஊரில் எண் இல்லாமல் பேசினால் எடுபடாது. 2019இல் இந்திய அரசு நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளைக்கு அதில் செலவழித்தது 299 நிமிடம். அப்படி ஈடுபடும் ஆண் 97 நிமிடம். பிள்ளைகள், முதியோர் என்று வீட்டாரைப் பராமரிப்பதில் பெண் 134 நிமிடம், ஆண் 76. இதிலே ஒரு நுணுக்கம் உண்டு. இது அந்த வேலையைச் செய்கிறவர்களுக்கு மட்டும் எடுத்த சராசரி. வீட்டு வேலையே செய்யாத ஆண்கள் இந்தக் கணக்கில் இல்லை. பெண்களில் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் வீட்டு வேலை செய்கிறார்கள், ஆண்களில் செய்கிறவர்கள் ஏறக்குறைய நாலில் ஒருவர். மாதமடல் எழுத ஒரு பெண்ணுக்கு நேரம் எங்கே போயிற்று என்று தேட வேண்டியதில்லை. அரசாங்கமே நிமிடக் கணக்கில் அச்சடித்துக் கொடுத்திருக்கிறது.

இரவில் எழுதலாமே என்பார்கள். வங்காளத்தின் ஆஷாபூர்ணா தேவியைச் சொல்வார்கள். பள்ளிக்கூடம் போகாதவர், மூன்று பிள்ளைகளை வளர்த்தார், வீட்டார் தூங்கிய பிறகு எழுதினார், 1976இல் ஞானபீட விருது வாங்கினார். எல்லாம் உண்மை. அவர் பெரிய எழுத்தாளர், அதிலும் சந்தேகம் இல்லை. ஆனால் இந்தக் கதையை எழுதவரும் இளம்பெண்களிடம் நாம் சொல்கிற தொனி எனக்குப் பிடிக்காது. இரவு பிள்ளை எழுந்து அழும் வீட்டில் தாயின் தூக்கம்தான் முதலில் போகிறது. மிச்சமிருக்கிற தூக்கத்தையும் கதைக்குக் கொடு என்று சொல்வதற்கு நமக்கு என்ன உரிமை?

ஆஷாபூர்ணா தேவிக்கும் முந்தியவர் ராஸசுந்தரி தேவி. பன்னிரண்டு பிள்ளைகள் பெற்றவர். பெண் எழுத்துப் படித்தால் பாவம் என்று இருந்த வீடு. சைதன்ய பாகவதத்திலிருந்து ஓர் ஏட்டை உருவி அடுப்படியில் ஒளித்து வைத்துக்கொண்டார். மூத்த மகன் எழுதிப் பழகிய ஓலையைப் பக்கத்தில் வைத்து எழுத்துக்கூட்டினார். தமது வாழ்க்கையை 'அமர் ஜீபன்' என்று எழுதி 1876இல் அச்சில் கொண்டுவந்தார். பிள்ளை எழுத்துக்குத் தடை என்று மட்டும் சொல்லிப் பழகியிருக்கிறோம். அந்தத் தாய்க்கு எழுத்து மகனின் ஓலை வழியாகத்தான் வந்தது.

இனி என் மடலைப் பற்றி. மாத மடல் என்பது நாவலைவிடக் கைக்குழந்தைக்காரிக்கு ஏற்றது என்று நினைக்கிறேன். கோதைநாயகி அம்மாளின் தொடர்கதைக்கும் அதே குணம் உண்டு. ஒரு அத்தியாயம், ஒரு மாதம். மூன்று வருடம் கழித்து முடியப்போகிற நாவலை நடுவில் விட்டுவிட்டுப் பிள்ளைக்கு மூக்கு சிந்தப் போனால், திரும்பி வரும்போது அந்த உலகமே கலைந்திருக்கும். ஒரு சிறுகதை அப்படிக் கலையாது, தலைக்குள் வைத்துக்கொண்டே பாத்திரம் தேய்க்கலாம்.

ஆனால் மடலுக்குள் இரண்டு வகை வேலை இருக்கிறது, அதைப் பிரித்துப் பார்க்காவிட்டால் அது ஆளைத் தின்றுவிடும். கதை எழுதுவது ஒரு வேலை. மற்றதெல்லாம், அதாவது பதில் எழுதுவது, முகவரி சரிபார்ப்பது, படம் தேடுவது, எழுத்துப்பிழை பார்ப்பது, சந்தா வந்ததா என்று குறிப்பது, இன்னொரு வேலை. முதல் வேலைக்கு யாரும் கூப்பிடாத ஒரு மணி நேரம் வேண்டும். இரண்டாவதைப் பிள்ளை பக்கத்தில் கட்டை அடுக்கி விளையாடும்போதே செய்யலாம். நடுவில் எழுந்தாலும் நட்டமில்லை. நம் பெண்கள் என்ன செய்கிறார்கள் என்றால், பிள்ளை மதியம் தூங்கியவுடன் முதலில் அடுப்படியை ஒழுங்கு செய்கிறார்கள், பிறகு துணி மடிக்கிறார்கள், பிறகு நிலுவையில் இருக்கும் கடிதங்களுக்குப் பதில் போடுகிறார்கள். கதையைத் திறக்கும்போது தூளி அசைகிறது. தூங்கும் நேரம் கதைக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாத்திரம் பிள்ளை விழித்திருக்கும்போது தேய்க்கலாம், அதற்கு அது பெரிய வேடிக்கை, கரண்டியைக் கொடுத்தால் தாளமும் போடும். மாமியார் என்ன நினைப்பார் என்கிறீர்களா? என் மாமியார் அரக்கோணத்தில் இருக்கிறார், எங்களுக்குள் ஒத்துப்போகும். எல்லோருக்கும் அப்படி அமையாது, தெரியும்.

பிள்ளை வந்த பிறகு மடலுக்கு இன்னொரு ஆபத்தும் வருகிறது. எழுத விஷயம் இல்லாத மாதத்தில் பிள்ளையே விஷயமாகிவிடும். அவள் சொன்ன மழலை, அவளுக்கு வந்த ஜுரம், குளியலறையில் நடந்த கூத்து. வாசகர்களுக்கு மிகவும் பிடிக்கும், கதையைவிட அதற்குத்தான் கடிதம் அதிகம் வரும். ஷர்லி ஜாக்ஸன் என்ற அமெரிக்க எழுத்தாளர் நான்கு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே நடுங்க வைக்கும் கதைகள் எழுதியவர். வீட்டுச் செலவுக்குப் பணம் தந்ததில் பெண்கள் பத்திரிகைகளுக்கு அவர் தம் பிள்ளைகளைப் பற்றி எழுதிய நகைச்சுவைப் பக்கங்களுக்கும் பங்கு உண்டு. 1953இல் அவை நூலாகவும் வந்தன. அந்தக் காலத்து அச்சுப் பத்திரிகை பழைய பேப்பர்க் கடைக்குப் போய்விடும். இன்று ஃபோனில் அனுப்பும் மடல் எங்கும் போகாது, என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கும்போதும் யாராவது ஒருவர் தேடி எடுத்து அவள் வகுப்பில் காட்டலாம். ஆகவே எங்கள் வீட்டில் ஒரு கட்டுப்பாடு. மகளின் பெயர், படம், உடம்புக்கு வந்தது எதுவும் மடலில் வராது. அவளிடம் பார்த்ததை வேறொரு பிள்ளையாக்கிக் கதைக்குள் வைக்கிறேன். கதைக்காரிக்கு அந்த வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்தாமல் விடுவது சோம்பேறித்தனம்.

கெடு பற்றி இரண்டு வார்த்தை. நான் கர்ப்பமாக இருந்தபோதே சில கதைகளை முடித்து எடுத்து வைத்துக்கொண்டேன். பிள்ளை பிறந்த பிறகு அவைதான் போயின. கையிருப்பு தீர்ந்ததும் மாத மடலைச் சில காலம் இரண்டு மாத மடலாக்கினேன், வாசகர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். விலகிப் போனவர்கள் சிலர். இருந்தவர்கள் இருந்தார்கள். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு அரைப் பக்கம் எழுதுவதை மட்டும் நிறுத்துங்கள். அந்த அரைப் பக்கத்தில் ஒரு குட்டிக்கதை எழுதிவிடலாம்.

இதெல்லாம் சின்னச் சின்ன உபாயம். இவற்றால் ஒரு மணி நேரம் மிச்சமாகலாம். பிள்ளையை வைத்துக்கொள்ள இன்னொரு கை இல்லாவிட்டால் இந்த உபாயங்கள் எதுவும் நிற்காது.

ஏர்பேட்டில் அந்தக் கை எங்கிருந்து வரும்? நம்மில் பலர் பிறந்த வீட்டையும் புகுந்த வீட்டையும் விட்டு வந்தவர்கள். எங்கள் வீட்டில் மாமியார் அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா வந்து, அங்கிருந்து வேறு வண்டி பிடித்து வருகிறார். சில வாரம் அவர், சில வாரம் என் அம்மா. மூட்டுவலியோடு மேம்பாலப் படி ஏறி இறங்கி வருகிற அந்த இரண்டு பேர்தான் என் மடலின் துணையாசிரியர்கள். அவர்கள் பெயரை மடலின் அடியில் போடுகிறேன், அச்சகத்தார் பெயர் போடுவதுபோல.

பாட்டி வர முடியாத வீடுகளுக்கு? அங்கன்வாடி இருக்கிறது. 1975 அக்டோபர் 2இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ் வந்தது. சத்துணவு ஆறு மாதத்துப் பிள்ளையிலிருந்தே உண்டு, ஆனால் பிள்ளையைக் கொண்டுபோய் உட்கார வைக்கிற முன்பருவக் கல்வி மூன்று வயதிலிருந்துதான். வேலைக்குப் போகும் பெண்களுக்கு 2017ஆம் ஆண்டுத் திருத்தம் மகப்பேறு விடுப்பை 26 வாரமாக்கியது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்து வரலாம் என்றும் அந்தத் திருத்தம் சொன்னது. நல்ல சட்டம். ஆனால் கணக்கைப் பாருங்கள். 26 வாரம் முடிந்து மூன்று வயது வரும் வரை இரண்டரை ஆண்டு. அந்த இரண்டரை ஆண்டுதான் பிள்ளை நடக்கவும் ஏறவும் விழவும் வாயில் எதையாவது போட்டுக்கொள்ளவும் கற்கிற காலம். நிறுவனத்தில் வேலை செய்யும் பெண்ணுக்காவது காப்பகம் கேட்கச் சட்டத்தில் ஒரு பிடி இருக்கிறது. வீட்டிலிருந்து கதை எழுதுகிறவளுக்கு, தையல் தைக்கிறவளுக்கு, இட்லி மாவு அரைத்து விற்கிறவளுக்கு எந்தப் பிடியும் இல்லை. அவளுடைய முதலாளி அவளேதான், தொழிலாளியும் அவளே, காப்பகமும் அவளே.

இங்கே பெரிய நிறுவனங்களில் பொறுப்பில் இருப்பவர்கள் சிலர் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் காப்பகத்தில் இடம் மிச்சமிருந்தால், வளாகத்துக்கு வெளியே இருக்கும் தாய்மாரின் பிள்ளைகளையும் கட்டணம் வாங்கிக்கொண்டு சேர்க்க முடியுமா என்று அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள். கட்டணம் கொடுக்க நாங்கள் தயார்.

மற்றவர்களுக்கு என் வேண்டுகோள் சின்னது. அடுத்த மாதக் கூட்டத்தில் நம் ஊர்ப் பெண்கள் இரண்டு பேர் தங்கள் கதைகளை வாசிக்கப் போகிறார்கள். இருவருக்கும் சின்னப் பிள்ளைகள் உண்டு. பக்கத்து அறையில் பாயும் பொம்மையும் போட்டு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அரைமணி அரைமணியாக முறை பிரித்து ஒரு நோட்டு வாசலில் வைத்திருக்கிறோம். முதல் முறைக்கு என் வீட்டுக்காரர் பெயர் எழுதிவிட்டார். மீதி இடங்கள் காலியாக இருக்கின்றன. ஆண்கள் செருப்பு மாட்டுவதற்கு முன் பெயரை எழுதிவிட்டுப் போங்கள்.